பெட்டி மேலே ஒரு குடை!

பக்கத்தில் ஏதாவது அட்டைப்பெட்டி இருக்கா பாஸ்? ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் பழைய ரெக்கார்டு நோட்டெல்லாம் போட்டு வெச்சிருப்பீங்களே, அது போதும். ஓரத்தில் கொஞ்சம் கிழிச்சுப் பாருங்க. ரெண்டு பேப்பருக்கு நடுவில் அலை அலையா இன்னொரு பேப்பர் ஓடுதா? வரிசையா குட்டிக் குட்டி ஓட்டைகள் தெரியுதா? அந்த ஓட்டைகள்தான் ஒரு டிசம்பர் ராத்திரி, எங்க லைன் வீட்டு ஜனம் மொத்தமும் பார்க்க, என் மானத்தை வாங்கின. எங்கப்பாகிட்ட நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசினதும் அதே அட்டையால்தான். ரெண்டையும் சொல்றேன்.

நான் திருப்பூர்ப் பையன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் மூணாவது வருஷம், மெக்கானிக்கல். எங்க லைன் வீட்டில் பத்துக் குடும்பம். ரெண்டு பாத்ரூம், ஒரு தண்ணித் தொட்டி. தேனிக்காரங்க, தஞ்சாவூர்க்காரங்க, ஒடிசாவில் இருந்து வந்த ரெண்டு குடும்பம், தூத்துக்குடியில் இருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருத்தங்க. இந்த அக்காதான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் குடிலை அறிமுகப்படுத்தினாங்க. எந்த சாமி கும்பிடுறவங்களா இருந்தாலும் டிசம்பர் வந்தா பத்து வீட்டுப் பொடிசுகளும் அக்கா வீட்டு வாசலில்தான் கிடக்கும்.

ஒரு விஷயம் தெரியுமா? நீங்க டிசம்பரில் கொண்டாடுற கிறிஸ்துமஸ், எங்க ஊருக்கு வருஷ நடுவிலேயே வந்துட்டுப் போயிடும். வெளிநாட்டுக் கடைகளில் டிசம்பருக்குத் தொங்கணும்னா சரக்கு எப்போ கப்பல் ஏறணும்? கணக்குப் போட்டுப் பாருங்க. மண்டை காயற வெயிலில், ஒன்றரை ஷிப்ட் போட்டு, கலைமான் படம் போட்ட டி-ஷர்ட்டை மடிச்சுப் பெட்டியில் அடுக்கிட்டிருப்பாங்க. அந்தப் பெட்டி அடுக்குறவங்களில் ஒருத்தர்தான் எங்கப்பா. பேக்கிங் செக்‌ஷன்.

காலேஜில் முதல் நாள், ‘அப்பா என்ன பண்றார்?’னு கேட்டாங்க. ‘எக்ஸ்போர்ட்ல இருக்கார்’னு சொன்னேன். பொய் இல்லை. ஆனா கேட்டவன் மனசில் என்ன படம் ஓடியிருக்கும்னு எனக்குத் தெரியும். ஓடட்டும்னு விட்டுட்டேன்.

முன்னாடியெல்லாம் குடில்னா தெர்மோகோல்தான். ஷீட் வாங்கி, சூடு கம்பியால் அறுத்து, ஜிகினா தூவினா வேலை முடிஞ்சது. 2022 ஜூலை 1-ம் தேதியில் இருந்து நாடு முழுக்க ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் பொருள்கள் சிலதுக்குத் தடை வந்துச்சு இல்லையா... காது குடையுற பட்ஸ் குச்சி, பலூன் குச்சி எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மோகோலும் உண்டு. அக்கா யோசிச்சுட்டு இருந்தப்ப, நான் ஃபர்ஸ்ட் இயர். ‘கவலையை விடுங்கக்கா. இந்த ஊர்ல அட்டைக்கா பஞ்சம்? நான் பார்த்துக்கறேன்’னு சவால் விட்டேன். இன்ஜினீயராம்!

ஆர்டர் கேன்சல் ஆகி, பிரின்ட் மாறிப்போன பெட்டிகள் கொஞ்சம் கம்பெனியில் கிடந்தது. அப்பா கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டி எடுத்துட்டு வந்தார். ஏழு ப்ளை. அதாவது தட்டையா நாலு, அலையா மூணு, ஆக மொத்தம் ஏழு பேப்பர் ஒட்டின அட்டை. பலகை மாதிரி இருக்கும். ஆறடி உயர நட்சத்திரம், மாட்டுத் தொழுவம், மூணு ராஜாக்கள், குழந்தைகள் ஆளுக்கொண்ணா வெட்டின ஆட்டுக்குட்டிகள்... ராத்திரி ராத்திரியா வேலை நடந்தது. சாதாரண வெள்ளைப் பசை. போஸ்டர் கலர். பார்க்க, சத்தியமா, சூப்பரா இருந்தது.

தூத்துக்குடி அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க. “மழை வந்தா என்னலே செய்வே?”

“பாலித்தீன் கவர் போட்டு மூடிடலாம்க்கா.”

பாலித்தீன் போட்டு மூடினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ராத்திரி பனி, உள்ளே சீரியல் பல்பு சூடு. காலையில் பார்த்தா கவரின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தா வேர்த்திருந்தது. மழை ஒரு சொட்டு விழலை, அதுக்குள்ளேயே ஒரு ராஜா முட்டி மடங்கி நின்னார். காகிதம் காத்தில் இருக்கிற ஈரத்தையே குடிக்கும் பாஸ். நான் என்னடான்னா அதை ஈரக் காத்தோட சேர்த்துப் பொட்டலம் கட்டி வெச்சிருக்கேன்! அவசரமா கவரை எடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே மழை.

பத்தரை மணி. ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் வீடு திரும்புற நேரம். நட்சத்திரம் முதலில் கீழ்ப்பக்கக் கால் ரெண்டையும் மடக்கி, கும்பிடுற மாதிரி குனிஞ்சது. அப்புறம் பொத்துனு விழுந்தது. வீட்டு ஓனர் அப்பதான் வெள்ளையடிச்ச சுவரில் போஸ்டர் கலர் சிவப்பா வழிஞ்சது. தரையில் கிடந்த ஒயர் ஜாயின்ட் தண்ணியில் முங்கி, ‘டப்’புனு ஃபியூஸ் போய், பத்து வீடும் இருட்டு. அந்த ஜாயின்ட்டை வெறும் செலோ டேப்பில் சுத்தியிருந்தது யாருன்னு தனியா சொல்லணுமா? பக்கத்தில் குழந்தைகள் நின்னுட்டு இருந்தாங்க. இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

யாரோ செல்போன் டார்ச் அடிச்சாங்க. ஒடிசாக்காரர் வீட்டுப் பாப்பா, தான் செஞ்ச ஆட்டுக்குட்டியின் ஒரு காலை மட்டும் கையில் வெச்சுக்கிட்டு நின்னா. அழலை. அதுதான் இன்னும் மோசம். விழுந்த நட்சத்திரத்தின் முதுகுப் பக்கம் வெளிச்சம் பட்டது. பெட்டியில் அச்சடிச்சிருந்த படம் பளிச்சுனு தெரிஞ்சது. ஒரு குடை, மேலே ரெண்டு மூணு மழைத்துளி. எல்லா ஏற்றுமதிப் பெட்டியிலும் இருக்குமே... ‘நனைய விடாதே’னு அர்த்தம். அந்தப் படத்துக்கு மேலேயே கத்தி வெச்சு வெட்டியிருக்கேன்!

மறுநாள் காலையில் அப்பா அந்தக் குப்பையைக் கூட்டி அள்ளிட்டே சொன்னார். “ஓரத்தை விட்டுட்டியே கண்ணு.”

நான் இருந்த எரிச்சலில், “உங்களுக்கு என்னங்ப்பா தெரியும்? பெட்டி மடிக்கிற வேலைதானே”ன்னுட்டேன்.

அவர் ஒண்ணும் சொல்லலை. டிபன் பாக்ஸை எடுத்து சைக்கிளில் மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுக்கிறதுனு தெரியாமலே ஒரு வருஷம் ஓடிப்போச்சு. வீட்டில் பேச்சு நிக்கலை. ‘சாப்டியா’, ‘பஸ் பாஸ் எடுத்தாச்சா’ எல்லாம் இருந்தது. அட்டையைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் பேசலை.

செகண்ட் இயரில் ஒரு செமினாருக்காக லைப்ரரியில் மேய்ஞ்சப்பதான் இந்த அலை அட்டையின் ஜாதகம் கிடைச்சது. இங்கிலாந்தில் 1856-ல் முதன்முதலா இதுக்குக் காப்புரிமை வாங்கினப்ப, இது பெட்டியே இல்லை. துரைமார் போடுற உசரத் தொப்பிக்குள்ளே வைக்கிற உறை! 1871-ல் அமெரிக்காவில் பாட்டில் உடையாம சுத்துறதுக்குப் பயன்படுத்தினாங்க. அலைக்கு ஒட்டுப் பேப்பர் வந்து, பெட்டி ஆனதெல்லாம் அப்புறம்தான். தொப்பிக்குள்ளேயும் பெட்டிக்கு உள்ளேயும் இருக்கப் பிறந்த சரக்கை நான் மழையில் நிக்க வெச்சிருக்கேன்.

அடுத்த பக்கத்தில்தான் எனக்கு பல்பு. ‘கோப் டெஸ்ட்’னு ஒண்ணு. காகிதம் எவ்வளவு தண்ணி குடிக்கும்னு அளக்கிற முறை. நூறு சதுர சென்டிமீட்டர் இடத்தில் தண்ணி ஊத்தி, குறிப்பிட்ட நேரம் வெச்சு, கொட்டிட்டு, ஒத்தி எடுத்து, எடை எவ்வளவு கூடியிருக்குன்னு பார்க்கணும். நூறு சதுர சென்டிமீட்டர்... எங்கேயோ கேட்ட கணக்கா இருக்கே? திருப்பூர்க்காரங்களுக்கு உடனே புரியும். துணியின் ஜி.எஸ்.எம். பார்க்க வட்டமா ஒரு கட்டர் வெச்சுத் துணியை வெட்டுவாங்களே, அந்த வட்டமும் அதே நூறு சதுர சென்டிமீட்டர்தான். கிராமில் வர்ற எடையை நூறால் பெருக்கினா ஜி.எஸ்.எம். எங்க ஊரில் கட்டர், தராசு இல்லாத நிட்டிங் யூனிட்டே கிடையாது.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட போய், “அப்பா, ஜி.எஸ்.எம். தராசு எங்கயாச்சும் கிடைக்குங்களா?”னு கேட்டேன். ‘எதுக்கு’னு கேட்கலை. “ஞாயித்துக்கிழமை வா”ன்னார்.

அவர் சிநேகிதர் நடத்துற சின்ன நிட்டிங் யூனிட். மெஷின் ஓடாத நாள். அட்டைத் துண்டுகளில் விதவிதமா பூச்சு கொடுத்து எடுத்துட்டுப் போயிருந்தோம். கிளேயில் வட்டமா கரை கட்டி, உள்ளே தண்ணி ஊத்தி, மொபைலில் நேரம் வெச்சு, தராசில் போட்டோம். இது சோதனைக்கூட லட்சணத்தில் இருந்ததுனு சொல்ல மாட்டேன். ஆனா எது தேறும், எது தேறாதுனு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடப் போதும்.

அம்மிச்சி ஒரு ஐடியா கொடுத்திருந்தாங்க. அந்தக் காலத்தில் முறம், கூடைக்கெல்லாம் ஊறவெச்ச காகிதத்தையும் வெந்தயத்தையும் ஆட்டி மெழுகுவாங்களாம். அதையும் பூசிப் பார்த்தோம். காய்ஞ்சா கல்லு. தண்ணி பட்டா கொழகொழ. முறத்துக்கு ஓகே, மழைக்கு ஆகாது. அம்மிச்சி கோவிச்சுக்கிட்டாங்க. மெழுகுவத்தியை உருக்கித் தடவினது அட்டகாசமா தண்ணியைத் தள்ளுச்சு. ஆனா அட்டையை மடிச்சா விரிசல் விடுது, மேலே பெயின்ட் ஒட்ட மாட்டேங்குது. பக்கத்தில் விளக்கு இருந்தா நெருப்பு பயம் வேற. வேணாம். மர ப்ரைமர் ஒரு கோட்டு, மேலே எனாமல் ரெண்டு கோட்டு கொடுத்த துண்டு கிட்டத்தட்ட எடையே ஏறலை.

“அவ்ளோதாங்ப்பா. பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது”ன்னேன்.

அப்பா அந்தத் துண்டை வாங்கி, ஒரு மூலையைக் கத்தரியால் நறுக்கி, தண்ணி டம்ளரில் நிக்க வெச்சார். டீ சாப்பிட்டு வந்து எடுத்தா, மேலே பெயின்ட் அப்படியே பளபளனு இருக்கு, உள்ளே அட்டை அவல் மாதிரி ஊறியிருக்கு. விரலால் அழுத்தினா பள்ளம் விழுது.

அப்புறம்தான் பேச ஆரம்பிச்சார். பேக்கிங்கில் டேப் ஏன் நடுவில் மட்டும் ஒட்டாம ரெண்டு ஓரத்திலேயும் சேர்த்து ‘எச்’ மாதிரி ஒட்டுறாங்க, பெட்டியை ஏன் தரையில் வைக்காம மரச் சட்டத்து மேலேயே அடுக்குறாங்க, ஈரம் ஏறின ஒரே ஒரு பெட்டி அடியில் மாட்டினா மேல் அடுக்கு மொத்தமும் எப்படிச் சாயும்... பதிமூணு வருஷத்துப் பாடம். காகிதத்தில் நார்களை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கிறது ஹைட்ரஜன் பிணைப்பு, தண்ணி உள்ளே புகுந்தா அது விட்டுப்போகும், அலையை ஒட்டுற ஸ்டார்ச் பசையும் இளகும்னு நான் என் பங்குக்குச் சொன்னேன். “அதைத்தான் நாங்க ‘பெட்டி செத்துப்போச்சு’ன்னுவோம்”னு சிரிச்சார்.

அப்பதான் ‘அன்னிக்குப் பேசினது தப்புங்ப்பா’னு சொன்னேன். “எப்பப் பேசினே?”ன்னுட்டு அடுத்த துண்டைத் தராசில் வெச்சார். அவருக்கு ஞாபகம் இல்லாம இருக்காது.

சரி, ஓரத்தை எப்படி அடைக்கிறது? டேப் போட்டா மேலே பெயின்ட் நிக்காது. இங்கேதான் எங்க ஊர் கைகொடுத்தது. பனியன் வேஸ்ட்! கட்டிங்கில் விழுற துண்டுத் துணி. ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு, பசையில் முக்கி, ஓரம் முழுக்கச் சுத்திட்டா, பின்னல் துணி இழுத்த பக்கமெல்லாம் வளைஞ்சு கொடுக்கும். நட்சத்திரத்தின் முனையில்கூட சுருக்கம் விழாம உட்காரும். முதலில் சிங்கிள் ஜெர்ஸியில் செஞ்சேன். வெட்டின ஓரமெல்லாம் சுருண்டு சுருண்டு ஒயர் மாதிரி ஆகிடுச்சு. பார்த்துட்டுப் போன கட்டிங் மாஸ்டர் அண்ணன், “சிங்கிள் ஜெர்ஸி சுருளும்னுகூடத் தெரியாம நீயெல்லாம் திருப்பூர்க்காரனா? இன்டர்லாக் எடுடா”னு தலையில் தட்டினார். இன்டர்லாக் சுருளாது. ரிப் துணியும் சுருளாது. குறிச்சுக்கங்க.

பசையிலும் ஒரு பாடம். சாதாரண வெள்ளைப் பசை காய்ஞ்ச பிறகும் தண்ணியில் ஊறினா மறுபடி இளகும். தண்ணி தாங்குறதுனே தனியா ஃபெவிகால் மரைன் விற்குது. விலை கூடத்தான். ஓரத்துக்கு மட்டும் அதை வெச்சுக்கிட்டோம். அப்புறம் பெயின்ட்டை ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அட்டை அப்பளம் மாதிரி வளையும். ரெண்டு பக்கமும் அடிக்கணும். டிசம்பர் ஈரத்தில் எனாமல் சட்டுனு காயவும் காயாது. ரெண்டு நாள் ஆகியும் பிசுபிசுனு இருந்தது. மூணு ராஜாக்களில் ஒருத்தர் தாடியில் இன்னிக்கும் ஒரு கொசு ஒட்டியிருக்கு. இன்னொருத்தர் முதுகில் பாப்பாவின் அஞ்சு விரல்.

நடுவில் ஒரு நாள் டர்பன்டைனில் பிரஷ்ஷைக் கழுவி வாசல் சாக்கடையில் ஊத்தப் போனேன். அப்பா ஒரு அதட்டல் போட்டார் பாருங்க... அப்படி அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பேக்கிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் சாயப்பட்டறையில் இருந்தவர். நொய்யல் ஆறு சாயமா ஓடினதுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப வேலை போச்சு. எனக்கு அப்ப ஆறு வயசு. சாக்கடையில் போறது எங்கே போய்ச் சேரும்னு அவருக்குத் தெரியும். அதோட விலை என்னன்னும் தெரியும். மிச்ச டர்பன்டைனைப் பழைய டின்னில் ஊத்தி மூடி வெச்சோம்.

நட்சத்திரத்தையும் குடிலையும் ஓட்டுச் சில்லு மேல் தூக்கி வெச்சோம். தொழுவத்துக்குத் தென்னங்கீற்றுக் கூரை, முன்னாடி ஒரு முழம் நீட்டிவிட்டு. எந்தப் பெயின்ட்டும் ஒரு நல்ல தாழ்வாரத்துக்கு ஈடாகாதுங்க. கூரை போட முடிஞ்ச இடத்தில் கூரையைப் போடுங்க, மிச்சத்துக்குத்தான் இந்த வித்தையெல்லாம். அடியில் தண்ணி தேங்காம வடிய ரெண்டு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையின் ஓரத்தையும் துணியால் அடைச்சோம். சீரியல் பல்பு இந்த முறை எல்.இ.டி. ஒயர் ஜாயின்ட்டெல்லாம் இன்சுலேஷன் டேப் சுத்தி, கூரைக்கு அடியில், ஆள் உயரத்துக்கு மேலே. அதை எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் செஞ்சார். நான் ஏணி பிடிச்சேன்.

இன்னொண்ணு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்னு ஒரு ஊர். அங்கே செய்யற கூர்கூரான கிறிஸ்துமஸ் நட்சத்திரம் உலகப் பிரசித்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பள்ளிக்கூட ஜியோமெட்ரி வகுப்பில் பிறந்ததாம். அங்கே வீட்டுக்குள்ளே தொங்கவிடறது காகிதம். வெளியே தொங்கவிடறது பிளாஸ்டிக். இத்தனை வருஷ அனுபவஸ்தர்களே காகிதத்தை வெளியே விடலைன்னு படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

மழை வந்தது. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னாடி, விடிகாலை. சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடினா, எனக்கு முன்னாடியே அப்பா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசலில் நிக்கிறார். ஒருத்தரும் பேசலை. நட்சத்திரத்தின் மேல் விழுந்த தண்ணி உருண்டு, முனைக்கு வந்து, சொட்டு சொட்டா விழுந்துட்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெய்ஞ்சிருக்கும். அப்பா போய் நட்சத்திரத்தின் கீழ்க் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழலை. “டீ போடச் சொல்லு”ன்னார்.

எல்லாமே தப்பிச்சதுன்னு ரீல் விட மாட்டேன். ஒரு மேய்ப்பனின் தலைப்பாகை பூரி மாதிரி உப்பிடுச்சு. பல்பு செருக யாரோ பின்னாடி ஒரு ஓட்டை போட்டு, ஓரத்தை அடைக்காம விட்டிருக்காங்க. பாப்பாவின் ஆட்டுக்குட்டிகளுக்கு ஒண்ணும் ஆகலை. அவ புது வருஷம் வரைக்கும் அதுகளுக்குத் தினம் புல்லு போட்டா.

இன்னொரு கசப்பும் இருக்கு. உடைஞ்ச ராஜா ஒருத்தரை ஜனவரியில் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனா, கடைக்காரர் வாங்க மாட்டேன்னுட்டார். பெயின்ட்டும் துணியும் ஒட்டின அட்டை திரும்பக் கூழாகாதாம். முதல் வருஷம் நனைஞ்சு விழுந்த குப்பையைக்கூட காயவெச்சுக் கொடுத்தப்ப எடைக்கு எடுத்துக்கிட்டவர்தான் அவர். மழைக்குத் தப்பினது குப்பைக்குத் தப்பலை. தெர்மோகோலை விட்டு நாம எங்கே வந்து நிக்கிறோம்னு எனக்கும் உறுத்தல் இருக்கு. அதனால் இந்த வருஷம் மழை படுற பொம்மைக்கு மட்டும்தான் பெயின்ட். கூரைக்குள்ளே நிக்கிறதெல்லாம் வெறும் அட்டை. பெயின்ட் அடிச்சதெல்லாம் அக்கா வீட்டுப் பரணில் ஏறியாச்சு, வருஷா வருஷம் அதுவேதான்.

புதுசா ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யறோம். ஒட்டகம். ராஜாக்கள் எத்தனை நாள்தான் நடந்தே வருவாங்கன்னு பாப்பா கேட்டுட்டா. பிரச்னை கழுத்தில். அலையை நெடுக்கா விட்டா கழுத்து விறைப்பா நிக்கும், ஆனா மேலே ஒரு பொட்டு இடைவெளி இருந்தாலும் தண்ணி குழாய் மாதிரி நேரா கீழே இறங்கும். குறுக்கா விட்டா தண்ணி இறங்காது, ஆனா கழுத்து மடங்கும். நேத்து ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்த அப்பா, சாப்பிட்டுட்டு இருந்தவர், பென்சிலை என்கிட்ட நீட்டி, “எந்தப் பக்கம் விடலாம், சொல்லு இன்ஜினீயரு”ன்னார். நான் இன்னும் பதில் சொல்லலை. ரெண்டு துண்டு வெட்டி, டம்ளரில் நிக்க வெச்சிருக்கேன்.